காரியதரிசி நாற்காலி

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் திருமயம். ஊர் வருமுன்பே கோட்டை வந்துவிடும். வெயிலில் காய்ந்து கருத்த பெரும் பாறை. அதன் தலையில் 1687-ஆம் ஆண்டில் சேதுபதி எழுப்பிய மதில். பாறையின் அடிவாரத்தில் குடைந்தெடுத்த இரண்டு கோயில்கள், அண்டை வீட்டுக்காரர்களைப் போல அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் சிவபெருமான்; சத்தியகிரீசுவரர் என்று பெயர். மற்றொன்றில் திருமால், அவர் பெயர் சத்தியமூர்த்தி.

அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் பெருமாள் நினைவு வருவதில்லை. சென்னை இராயப்பேட்டையில் இருக்கும் காங்கிரஸ் அலுவலகத்தின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. என் தாய்மாமனுக்கும் அப்படித்தான் வந்தது.

2006-ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. மாமா தலைவர் பதவிக்கு நின்று தோற்றிருந்தார். அது முதல் தடவை அன்று. 1996-இல் நின்றார்; 2001-இல் நின்றார்; மூன்றாவதாக இப்பொழுதும் நின்றார். இந்தத் தடவை பதினோரு வாக்கில் போயிற்று. நூறு வாக்கில் தோற்றவன் தூங்கிவிடுவான். பதினோரு வாக்கில் தோற்றவனுக்கு ஏது தூக்கம்? வாக்காளர் பட்டியலைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். "இவன் போட்டிருக்க மாட்டான்... இவ போட்டிருப்பா, ஆனா இவ புருசன்..." என்று ஓயாத கணக்கு. வீட்டில் அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாப்பா" என்றாள். திருமயம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

தரிசனம் முடிந்து கோட்டை நிழலில் உட்கார்ந்திருந்தபோது, "சத்தியமூர்த்தி பவன்னு டி.வி.யில சொல்றானுவளே, அந்த ஆளு இந்த ஊர்க்காரருதானா?" என்று கேட்டார்.

"ஆமாம் மாமா. இங்கேதான் பிறந்தார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவரு எத்தனை தடவை தோத்தாரு மாப்ளே?" என்றார்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதற்குப் பின் படித்ததையும் யோசித்ததையும் சேர்த்து, மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்த முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தலைவர் நாற்காலிக்காகத் திரும்பத் திரும்ப நின்றவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அமெரிக்காவில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1896, 1900, 1908 என்று மூன்று தடவை ஜனாதிபதி பதவிக்கு நின்றார், மூன்றிலும் தோற்றார். யூஜின் டெப்ஸ் ஐந்து தடவை நின்றார். ஐந்தாவது தடவையான 1920-இல் சிறையில் கைதியாக இருந்தபடியே நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். சிலி நாட்டில் அயெண்டே மூன்று தடவை தோற்று நான்காவது தடவை, 1970-இல், வென்றார். நம் நாட்டிலும் உண்டு. 1952-இல் நடந்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தலிலிருந்து அடுத்தடுத்து சௌத்ரி ஹரிராம் என்பவர் நின்றுகொண்டே இருந்தார். 1962-இல் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேல் வாக்கு மதிப்பு கிடைத்தது. ஹரிராமுக்குக் கிடைத்தது 6,341. சஞ்சீவ ரெட்டி 1969-இல் வி. வி. கிரியிடம் தோற்று, அனந்தப்பூருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். 1977-இல் அதே பதவிக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவர்களில் யார் எத்தனை தடவை தோற்றார் என்பதைப் பட்டியல் சொல்லிவிடும். தோற்ற மறுநாள் காலையில் எழுந்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பது பட்டியலில் இராது. கதை எழுதுகிறவனுக்கு அந்த மறுநாள் காலையில்தான் அக்கறை. அப்படிப் பார்க்கும்போது, இந்தத் திருமயத்துக்காரரின் கதைக்கு இணையாக இன்னொன்றை நான் அறியேன்.

சத்தியமூர்த்தி 1887 ஆகஸ்டு 19-இல் பிறந்தபோது திருமயம் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. தொண்டைமான் ராஜாவின் ஊர்; பிரிட்டிஷ் இந்தியாவுக்கு நடுவே ஒரு தீவு. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய்க் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், சட்டமும் படித்தார். அந்தப் புதுக்கோட்டைக் கல்லூரியில் நானும் இரண்டு ஆண்டு வாசம் செய்திருக்கிறேன். பட்டம் வாங்காமல் வெளியேறியவன் ஆகையால், அங்கே படித்துப் பெரியவரானவர்களின் பெயரைச் சொல்லும்போது எனக்குப் பெருமையோடு சிறிது கூச்சமும் உண்டு.

சத்தியமூர்த்தியின் செல்வம் அவருடைய நாக்கு. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வேகம். நாடகத்திலும் பிரியம், சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி நடித்தவர். அரசியல்வாதிகள் நாடகக்காரர்களைத் தெருக்கோடியில் நிறுத்திப் பேசிய காலத்தில், அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவர். கே. பி. சுந்தராம்பாளின் குரல் தேர்தல் மேடைகளில் ஒலித்ததற்கு அவரே காரணம்.

ஆனால் அவருடைய உண்மையான மேடை சட்டசபைதான். 1919-இல் சீர்திருத்தச் சட்டம் பற்றி வாதாடக் காங்கிரஸ் தூதுக்குழுவோடு இங்கிலாந்துக்குப் போய் வந்தார். 1923-இலிருந்து சென்னைச் சட்டசபையில் இருந்தார். 1928-இல் பாரதியாரின் பாடல் புத்தகங்களை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது, சட்டசபையில் எழுந்து கேள்விக்கணை தொடுத்தவர் அவர். வெறும் பேச்சாளர் என்றும் அவரைத் தள்ளிவிட முடியாது. 1930-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலின் உச்சியில் கொடியேற்ற முயன்று சிறைக்குப் போனார்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. சட்டசபைக்குப் போவதே பாவம் என்று நினைத்தவர்கள் அன்றைய காங்கிரஸில் ஏராளம். அந்த அணிக்குத் தமிழ்நாட்டில் தலைவர் ராஜாஜி. உள்ளே போய் எதிரியை அவன் வீட்டிலேயே மடக்க வேண்டும் என்றது சுயராஜ்யக் கட்சி; அந்தக் கட்சியின் குரல் சத்தியமூர்த்தி. இருவரும் அந்தணர், இருவரும் வக்கீல், இருவரும் மேதை. ராஜாஜி காந்தியடிகளின் மனத்துக்கு நெருங்கியவர். பேச்சில் சுருக்கம், செயலில் கணக்கு. சத்தியமூர்த்தி மேடைக்கு நெருங்கியவர். உள்ளத்தில் தோன்றியதெல்லாம் உதட்டில் வந்துவிடும். பதவி ஏற்பது பாவமல்ல, பொறுப்பு என்று வெளிப்படையாக வாதாடினார். ஆசை இருந்தது, அதை அவர் மூடி வைக்கவில்லை. அரசியலில் இது ஒரு பெரிய பலவீனம்.

ஆக, முப்பதுகளில் மாகாணக் காங்கிரஸ் கமிட்டித் தேர்தல் என்றால் அது இந்த இரு கோஷ்டிகளின் பலப்பரீட்சை என்றே ஆயிற்று. யார் தலைவர், யார் காரியதரிசி, எந்த ஜில்லா யார் பக்கம் என்று கணக்குப் போடுவதில், என் மாமாவின் பென்சில் புள்ளிகளுக்கு அந்தக் கதராடைக்காரர்கள் ஒன்றும் சளைத்தவர்களல்லர். 1936-இல் சத்தியமூர்த்தி தலைவரானார். காரியதரிசியாகத் தம்முடன் சேர்த்துக்கொண்டது விருதுநகர் இளைஞர் ஒருவரை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மேடையில் அலங்காரமாகப் பேசத் தெரியாதவர். ஆனால் எந்தக் கிராமத்தில் எந்தத் தொண்டன் பட்டினி கிடக்கிறான் என்று அறிந்தவர். பெயர் காமராஜ்.

1937-இல் மாகாணத் தேர்தல் வந்தது. 1934-இலேயே ஜஸ்டிஸ் கட்சியின் ராமசாமி முதலியாரைச் சென்னை நகரத் தொகுதியில் தோற்கடித்து டில்லி மத்திய சட்டசபைக்குப் போயிருந்தார் சத்தியமூர்த்தி. அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர். என்றாலும் மாகாணத் தேர்தலுக்காக ஊர் ஊராகச் சுற்றினார். 215 இடங்களில் 159 இடம் காங்கிரஸுக்குக் கிடைத்தது. பதவி ஏற்கலாமா கூடாதா என்ற விவாதத்தில், ஏற்க வேண்டும் என்று முதலிலிருந்து வாதாடியவர் அவர். முடிவும் அப்படியே ஆயிற்று. மந்திரிசபையும் அமைந்தது. அதில் அவர் இல்லை!

நடந்தது இதுதான். சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதி சத்தியமூர்த்திக்கு உரியதாக இருந்தது. ஒதுங்கியிருந்த ராஜாஜி மாகாண அரசியலுக்குத் திரும்புவதென்று ஆனபோது, அந்தத் தொகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி அதில் நின்று வென்றார். 1937 ஜூலையில் மாகாணப் பிரதமரானார். சட்டசபை வேண்டாம் என்றவர் பிரதமர். சட்டசபையே வேண்டும் என்று பதினைந்து ஆண்டு மன்றாடியவர் வெளியே!

இந்தக் கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு. ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் கட்டிய வீட்டுக்குள் வேறொருவர் குடிபுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவன் உள்ளம் என்ன பாடுபடும்? நாவலாக இருந்தால், இந்த இடத்தில் அவனைக் குடிகாரனாக்கலாம், சன்னியாசியாக்கலாம், எதிர்க்கட்சியில் சேர்க்கலாம். சத்தியமூர்த்தி டில்லிக்கு ரயிலேறினார். மத்திய சட்டசபையில் பழைய வேகத்தோடு பேசினார்.

1939-இல் சென்னை நகர மேயர் பதவி வந்தது. ஓராண்டுப் பதவி. மாகாணத்தை ஆள விரும்பியவருக்கு முனிசிபல் நாற்காலி! அதைச் சிறிதென்று அவர் நினைக்கவில்லை. சென்னையில் குடிதண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்தது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். யுத்த காலம், எதற்கெடுத்தாலும் 'இப்பொழுது முடியாது' என்ற பதில். விடாப்பிடியாக நின்று 1940 ஆகஸ்டு 8-இல் அடிக்கல் நாட்டச் செய்துவிட்டார். நாட்டியவர் கவர்னர் ஆர்தர் ஹோப்.

அதே 1940-இல்தான் நான் சொல்ல வந்த சம்பவம் நடந்தது. ராஜாஜி மந்திரிசபை முந்தின ஆண்டு அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டது. மாகாணக் காங்கிரஸ் தலைவர் தேர்தல் வந்தது. ராஜாஜி கோஷ்டி கோயமுத்தூர் சி. பி. சுப்பையாவை நிறுத்தியது. எதிர்க் கோஷ்டியின் தலைவர் சத்தியமூர்த்தி, வயது ஐம்பத்திரண்டு, அகில இந்தியப் புகழ். அவர் தாம் நிற்கவில்லை. தம் காரியதரிசியாக இருந்த காமராஜை நிறுத்தினார். காமராஜுக்கு 103 வாக்கு, சுப்பையாவுக்கு 100. மூன்றே வாக்கு!

இது வரையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சீடனை முன்னே நிறுத்திப் பின்னே இருந்து நூல் இழுக்கும் குருமார்கள் எந்தக் கட்சியிலும் உண்டு. அதற்கு அடுத்தது என்ன? காமராஜ் தலைவரானார், சத்தியமூர்த்தி அவருக்குக் காரியதரிசியானார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எவரைத் தமக்குக் காரியதரிசியாக வைத்துக்கொண்டாரோ, அவருக்கே காரியதரிசி!

கமிட்டிக் கூட்டத்தை எண்ணிப் பார்க்கிறேன். தலைவர் இடத்தில் முப்பத்தாறு வயது இளைஞர், அதிகம் பேசமாட்டார். பக்கத்தில் தீரர் என்று நாடு கொண்டாடும் மனிதர், தீர்மானங்களையும் கடிதங்களையும் ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறார். வந்தவர்களில் எத்தனை பேர் உள்ளூரச் சிரித்திருப்பார்கள்! அரசியலில் இரக்கப்படுகிறவனைக் காட்டிலும் சிரிக்கிறவன் அதிகம்.

தியாகம் என்று ஒரே சொல்லில் இதைப் புகழ்ந்து மாலை போட்டுவிட எனக்கு இஷ்டமில்லை. தாம் நின்றால் கிடைக்காத வாக்குகள் காமராஜுக்குக் கிடைக்கும் என்று அவர் கணித்திருக்கலாம். காங்கிரஸ் பட்டணத்து வக்கீல்களின் கையிலிருந்து மெல்ல மெல்லக் கிராமத்து மனிதர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பனரல்லாத ஒருவர், ஆங்கிலம் பேசாத ஒருவர், தலைமையில் இருந்தால்தான் அது நிற்கும் என்பது கண்ணுள்ளவனுக்குத் தெரியும். ராஜாஜியை வெல்ல வேண்டும் என்ற பழைய வைராக்கியமும் அதில் கலந்திருக்கத்தான் வேண்டும். மனிதர்தானே! ஆனால் கணக்குப் போட்டு வென்றவர் வெற்றிக்குப் பின் வீட்டுக்குப் போயிருக்கலாம். கௌரவ ஆலோசகர் என்று சாய்வு நாற்காலியில் இருந்திருக்கலாம். வேலை செய்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைமை கிடைக்காவிட்டால் தமக்குத் தெரிந்த வேலையும் தம்மோடு போகட்டும் என்று அவர் நினைக்கவில்லை.

குருவிடம் சீடன் என்ன கற்றான்? 1941-இல் காமராஜ் சிறையில் இருக்கும்போதே அவரை விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர் நேரே நகரசபைக்குப் போனார். பதவியை ராஜினாமா செய்தார். முழு நேரமும் உழைக்க முடியாத பதவியில் இருப்பது தகாது என்பது அவர் எண்ணம்.

1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கூட்டத்துக்கு இருவரும் போனார்கள். திரும்பும் வழியில் காமராஜ் போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவி அரக்கோணத்தில் இறங்கி, ஊர் ஊராகப் போய்ச் செய்தி சொல்லிவிட்டுப் பிறகு சிறை சென்றார். சத்தியமூர்த்தி கைதானார். மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகெலும்பில் அடிபட்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. 1943 மார்ச் 28-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தைந்து. பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது அடுத்த ஆண்டு, 1944 ஜூனில். தாம் அடிக்கல் நாட்டுவித்த ஏரியில் தண்ணீர் நிற்பதை அவர் பார்க்கவில்லை. இன்று அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

1947 ஆகஸ்டு 15-இல் காமராஜ் முதலில் கொடியேற்றியது சத்தியமூர்த்தியின் வீட்டில். 1954-இல் முதலமைச்சர் ஆனபோதும் அந்த வீட்டுக்குப் போய் அவர் படத்துக்கு மாலையிட்டுவிட்டு வந்தார். மாலை போடுவது எளிது, மற்றொன்றும் செய்தார். கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், 93-க்கு 41 என்று தோற்றவர். அவரை ஆதரித்து நின்றவர் பக்தவத்சலம். அந்த இருவரையும் தம் எட்டுப் பேர் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார் காமராஜ். தோற்றவனுக்கும் வேலை உண்டு, அவன் வேலையை இழந்தால் நஷ்டம் நாட்டுக்கு என்பதை, முன்பு தம் பக்கத்தில் காரியதரிசியாக இருந்த மனிதரைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். 1963-இல் முதலமைச்சர் பதவியைத் தாமாகவே விட்டு இறங்கியதும், நேருவுக்குப் பிறகு இரண்டு தடவை பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தும் தாம் அந்த நாற்காலியை நாடாததும் எல்லோரும் அறிந்த சரித்திரம்.

மாமாவிடம் அன்று நான் இவ்வளவும் சொல்லவில்லை. 1937-ஐச் சொன்னேன், 1940-ஐச் சொன்னேன். பீடிப் புகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சின்னப் பயலுக்குக் கீழயா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். அவரைத் தோற்கடித்தவன் முதல் இரண்டு தேர்தல்களில் அவருக்குச் சுவரொட்டி ஒட்டிய பையன்.

அதைவிட இன்னொரு விஷயம் இருந்தது. எங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் பாதித் தூரம் தூர்ந்து, சில இடங்களில் வயலாகவே மாறிவிட்டது. அந்தக் கால் எந்தச் சர்வே எண் வழியாக வந்தது, எங்கே மடை, யாருடைய நிலம் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பத்து ஆண்டு அலைந்து நகல் நகலாக வாங்கிச் சேர்த்திருந்தார் மாமா. தலைவரானால் முதல் வேலை அதுதான் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம். புதுத் தலைவன் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, "சித்தப்பா, அந்தக் காயிதத்தைக் குடுத்தா மனு எழுதலாம்" என்று கேட்டிருக்கிறான். "என்கிட்ட ஒண்ணும் இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டார். பை உள்ளே பரணில் இருந்தது.

திருமயத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் அவர் வாய் திறக்கவில்லை. மறுநாளும் திண்ணையில் பட்டியலும் பென்சிலும்தான். நானும் ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

தைப் பொங்கலுக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து பையை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதக் கொண்டுபோய் அவன்கிட்ட குடுத்துட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லாதே" என்றார். "யார் கொடுத்ததுன்னு சொல்ல மாமா?" என்றேன். "அவனுக்குத் தெரியும்" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நாலாவது நகல்ல எல்லைக் கல்லு எங்கேன்னு எனக்குப் புரியாதே, சித்தப்பா வந்து காட்டினாத்தானே?" என்றான். திரும்பி வந்து சொன்னேன். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, அத்தையிடம் ஒரு சொல் சொல்லாமல், அவன் தெருவை நோக்கி நடந்தார். வாக்காளர் பட்டியல் மட்டும் அவர் தலையணைக்கு அடியிலேயே வெகுநாள் இருந்தது.